வீக்கம் வடிந்த பிறகு

சென்னைப் புறநகரில் பல்லாவரத்திலிருந்து தாம்பரம் வரையிலான ஆடுகளங்களில் ‘ஜவ்வு கிழிந்துவிட்டது’ என்ற ஒரே தொடரால் குறிக்கப்படும் முழங்கால் காயம் உண்மையில் ஒரே காயமன்று. தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிணைத்து நிற்கும் நான்கு முதன்மைத் தசைநார்களுள் எது அறுந்தாலும், அவ்விரு எலும்புகளுக்கும் நடுவே மெத்தைபோல் அமர்ந்து அதிர்வைத் தாங்கும் மெனிஸ்கஸ் எனப்படும் பிறைவடிவக் குருத்தெலும்பு கிழிந்தாலும் மக்கள் வழக்கில் அது ‘ஜவ்வு’தான். முழங்காலின் உட்பக்கத் தசைநார் கிழிந்தால் பெரும்பாலும் அறுவை சிகிச்சை இன்றியே சில வாரங்களில் ஆறிவிடும். மூட்டின் நடுவிலுள்ள முன் சிலுவைத் தசைநார், அதாவது மருத்துவர்கள் ஏ.சி.எல். என்று குறிப்பிடுவது, முழுமையாக அறுந்தால் பெரும்பாலும் தானாக ஒட்டுவதில்லை. ஒரு வீரருக்கு ஜவ்வு தானாகச் சரியானதைக் கண்ட இன்னொருவர் தமக்கும் அப்படியே ஆகிவிடும் என்று நம்பிக் காத்திருப்பதற்கு, இரண்டையும் ஒரே பெயரால் அழைக்கும் பழக்கமே முதற்காரணம்.

இங்கு தசைநார் என்பது எலும்பை எலும்போடு பிணைக்கும் நாரை மட்டுமே குறிக்கிறது. தசையை எலும்போடு இணைப்பதை நாண் என்று பிரித்துச் சொல்வது பின்னர் வரும் சிகிச்சை விளக்கத்துக்கு உதவும். முன் சிலுவைத் தசைநார் ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் நீளமே உள்ள சிறிய கயிறு. பின் சிலுவைத் தசைநாரோடு குறுக்காகப் பின்னி நிற்பதால் அப்பெயர் பெற்றது. கீழ்க்கால் எலும்பு முன்னோக்கி வழுக்கிவிடாமல் தடுப்பதும், கால் திரும்பும்போது மூட்டு அளவுக்கு மீறி முறுகாமல் காப்பதும் அதன் வேலை. இளம் வயதினரின் தசைநார் 200 கிலோ எடைக்கும் அதிகமான இழுவிசையைத் தாங்கக்கூடியது என்று ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. அத்தகைய கயிறும், குதித்து இறங்கிய பாதம் தரையைத் தொட்ட ஏறத்தாழ 40 மில்லிவிநாடிகளில், அதாவது இமை மூடித் திறப்பதற்கும் குறைவான நேரத்தில் அறுந்துவிடுகிறது. அறுந்த முனைகளுக்கிடையே இரத்தம் உறைந்து தங்கினால்தான் காயம் கூடும். மூட்டுக்குள் சுரக்கும் திரவம் அந்த உறைவைக் கரைத்துவிடுவதே இந்தத் தசைநார் எளிதில் ஆறாமல் போவதற்கு முக்கியக் காரணம்.

அது எப்படி அறுகிறது என்பதைக் கபடிக் களத்தில் தெளிவாகக் காணலாம். போனஸ் கோட்டுக்குக் காலை நீட்டிய ரெய்டர் திரும்ப முற்படும் கணத்தில், மூலையில் நிற்கும் தடுப்பாட்டக்காரர் அவருடைய கணுக்காலைப் பற்றிவிடுகிறார். பாதம் பிடியில் சிக்கி நிற்க, இடுப்பும் தொடையும் நடுக்கோட்டை நோக்கிச் சுழல, இடையில் அகப்பட்ட முழங்கால் உட்புறமாகச் சரிந்து முறுகுகிறது. மண் தரையில் பாதம் சற்றே சறுக்கிக்கொடுத்து அந்த முறுக்கில் ஒரு பங்கைத் தணித்துவிடக்கூடும். ரப்பர் அடிப்பாகம் கொண்ட காலணியோடு ‘மேட்’ விரிப்பில் ஆடும்போது அந்தச் சறுக்கல் கிடைப்பதில்லை. ஆயினும் எதிராளியின் பிடியோ மோதலோ இதற்குத் தேவை என்று கருதிவிடக் கூடாது. முன் சிலுவைத் தசைநார்க் காயங்களில் ஏறத்தாழ பத்தில் ஏழு, யாரும் தொடாமலேயே, வேகமாக ஓடிவந்து சட்டென நின்று திசை திரும்பும்போதோ குதித்து ஒற்றைக் காலில் இறங்கும்போதோ நிகழ்பவை.

பல்லாவரத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையிலுள்ள குரோம்பேட்டை வட்டாரத்தில் இந்த ஆபத்துக்கு ஆளாவோர் பள்ளி, கல்லூரி வீரர்கள் மட்டுமல்லர். அலுவலகம் முடிந்து இரவில் செயற்கைப் புல் திடல்களில் கால்பந்தும் பாக்ஸ் கிரிக்கெட்டும் ஆடவரும் முப்பது வயதுக்காரர்கள், வாரம் முழுவதும் நாற்காலியில் அமர்ந்திருந்த தொடைத் தசைகளோடு நேரே ஆட்டத்தில் இறங்குகிறார்கள். திடலுக்கு மணிக்கணக்கில் வாடகை என்பதால், கட்டிய காசில் முதல் கால் மணி நேரத்தை உடலைத் தயார்ப்படுத்தச் செலவிட அவர்களுக்கு மனம் வருவதில்லை. ஆட்டத்தோடு தொடர்பே இல்லாமல், ஜி.எஸ்.டி. சாலையில் இருசக்கர வாகனம் சறுக்கும்போது வண்டியைத் தாங்க ஊன்றிய காலிலும் இதே தசைநார் அறுவதுண்டு.

காயத்தைவிடக் கவலைக்குரியது அதற்குப் பிந்தைய மூன்று வாரங்கள். ‘டப்’ என்ற ஓசையோ உணர்வோ எழுந்து, ஆட்டத்தைத் தொடர முடியாமல் போய், சில மணி நேரத்துக்குள் முழங்கால் பானைபோல் வீங்கினால், மூட்டுக்குள் இரத்தம் கசிந்திருக்கிறது என்று பொருள். அவ்வகை வீக்கத்தில் முன் சிலுவைத் தசைநார் அறுந்திருக்கும் வாய்ப்பு மிக அதிகம். எக்ஸ்ரேயில் தசைநார் தெரியாது என்பதால், ‘எலும்பு முறிவு இல்லை’ என்ற சொல்லைக் கேட்டுக் குடும்பம் நிம்மதி அடைகிறது. பின்னர் எண்ணெய் போட்டு உருவிவிடுதலும் கட்டுப் போடுதலும் நடக்கின்றன. வீக்கம் இரண்டு மூன்று வாரங்களில் எப்படியும் வடியக்கூடியதே. வடிந்ததை ஆறியதாக எண்ணிக்கொள்ளும் வீரர் மீண்டும் களமிறங்குகிறார். நேராக ஓட முடிகிறது, மாடிப்படி ஏற முடிகிறது. திரும்பும்போது மட்டும் கால் ‘நழுவுகிறது’. அந்த ஒவ்வொரு நழுவலிலும் மெனிஸ்கஸ் இரு எலும்புகளுக்கிடையே நசுங்கிக் கிழிய வாய்ப்புண்டு. முதல் நாளில் ஒரு தசைநாரோடு நின்ற காயம், ஓராண்டில் நடுத்தர வயதின் மூட்டுத் தேய்மானத்துக்கு வித்திட்டுவிடுகிறது. முழங்காலை 20 முதல் 30 பாகை வரை மடக்கி, கீழ்க்காலை முன்னே இழுத்துப் பார்க்கும் லாக்மேன் சோதனையைப் பயிற்சி பெற்ற மருத்துவர் வெறுங்கையாலேயே ஒரு நிமிடத்தில் செய்துவிடலாம், எம்.ஆர்.ஐ. அதை உறுதிப்படுத்தும்.

இதே காயம் முறையாகக் கையாளப்பட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானமே சாட்சி. 2022 டிசம்பர் 30 அன்று ரூர்க்கி அருகே நேர்ந்த கார் விபத்தில் இந்திய விக்கெட் கீப்பர் ரிஷப் பந்தின் வலது முழங்காலில் தசைநார்கள் கிழிந்தன. 2023 ஜனவரியில் மும்பையில் அறுவை சிகிச்சை நடந்தது. கிரிக்கெட் வாரியம் அவருக்கு ஆடத் தகுதி உண்டென்று அறிவித்தது 2024 மார்ச்சில், 14 மாத மறுவாழ்வுப் பயிற்சிக்குப் பிறகு. விபத்துக்குப் பின் ஆடிய முதல் டெஸ்டில், வங்கதேசத்துக்கு எதிராக 2024 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் அவர் 109 ரன்கள் எடுத்ததையே செய்தித்தாள்கள் கொண்டாடின. முழங்காலின் கண்கொண்டு பார்த்தால், பந்துக்குப் பந்து ஸ்டம்புக்குப் பின்னால் குந்தி எழுந்ததே அந்தச் சதத்தினும் பெரிய சாதனை. 2022 செப்டம்பரில் வலது முழங்காலில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட ரவீந்திர ஜடேஜாவும், நேரடியாகச் சர்வதேச ஆட்டத்துக்கு வராமல், 2023 ஜனவரியில் இதே மைதானத்தில் தமிழ்நாட்டுக்கு எதிரான ரஞ்சி ஆட்டத்தில் 53 ரன்களுக்கு 7 விக்கெட் எடுத்துத் தம் உடலைச் சோதித்துக்கொண்ட பின்னரே டெஸ்ட் அணிக்குத் திரும்பினார்.

சேப்பாக்கத்துக்கும் குரோம்பேட்டைக்கும் இடையிலுள்ள வேறுபாடு அறுவை அரங்கில் இல்லை; ஆர்த்ராஸ்கோப்பி எனப்படும் நுண்துளை அறுவை சிகிச்சை சென்னைப் புறநகரிலும் நன்றாகவே நடக்கிறது. அறுந்த தசைநாரைப் பெரும்பாலும் தைப்பதில்லை. தொடையின் பின்பக்கத்திலிருந்தோ முழங்கால் சில்லின் கீழிருந்தோ ஒரு நாணை எடுத்து, எலும்புகளில் துளையிட்டுப் புதிய தசைநாராகப் பொருத்துகிறார்கள். அந்த ஒட்டுநாண் முதலில் உயிரற்ற திசுவைப்போல் நலிந்து, பிறகே புதிய இரத்த நாளங்களும் செல்களும் ஊடுருவித் தசைநாராக மாறுகிறது. அது மிகவும் வலுக்குன்றியிருக்கும் காலம் ஏறத்தாழ ஆறாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை. வலி நீங்கி, நடை சீராகி, வீரர் தமக்கு எல்லாம் சரியாகிவிட்டதாக நம்பத் தொடங்குவதும் அந்த வாரங்களில்தான். உண்மையான வேறுபாடு இங்கே தொடங்குகிறது: குரோம்பேட்டை வீரர் இயன்முறை மருத்துவரிடம் செல்வது தையல் பிரித்ததோடு நின்றுவிடுகிறது, ஐந்தாம் மாதத்தில் போட்டி அறிவிப்பு வருகிறது, அணியில் ஆள் குறைகிறது.

2016-இல் வெளியான டெலவர்–ஆஸ்லோ ஆய்வு, அறுவைக்குப் பின் ஆட்டத்துக்குத் திரும்புவதை ஒன்பதாம் மாதம் வரை தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாய விகிதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைவதைக் கண்டது. 25 வயதுக்குள் விளையாட்டுக்குத் திரும்பியவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு அதே காலிலோ மறுகாலிலோ மீண்டும் தசைநார் அறுந்ததாக மற்றொரு தொகுப்பாய்வு காட்டியது. எனவே மாதக் கணக்கு மட்டும் போதாது: காயமுற்ற காலின் முன்தொடைத் தசை வலுவும், ஒற்றைக் காலில் தாவிக் கடக்கும் தூரமும் மறுகாலோடு ஒப்பிட 90 விழுக்காட்டையாவது எட்ட வேண்டும். அறுவை எல்லோருக்கும் கட்டாயம் என்பதும் சரியன்று. சுவீடனில் 121 இளையோரிடம் நடந்து 2010-இல் வெளியான ஆய்வில், முதலில் பயிற்சி, தேவைப்பட்டால் மட்டும் அறுவை என்ற பிரிவினரில் பாதிக்கும் மேற்பட்டோர் இரண்டாண்டுகள் வரை அறுவையின்றியே உடனடி அறுவை செய்துகொண்டவர்களுக்கு நிகரான நிலையை அடைந்தனர். திசைமாறி ஓடும் ஆட்டத்தைத் தொடர விரும்பும் இளம் கபடி வீரருக்கு அறுவை பொருந்தலாம். நடைப்பயிற்சியும் நீச்சலும் போதும் என்பவருக்குத் தசைப் பயிற்சியே போதியதாகலாம்.

தடுப்பைப் பொறுத்தவரை சான்று வலுவாகவே உள்ளது. ஃபிஃபா வகுத்த ‘11+’ என்னும் தயார்ப்பயிற்சி, ஓட்டம், தொடை வலு, சமநிலை, சரியாகக் குதித்திறங்கல் ஆகியவற்றை 20 நிமிடத்தில் உள்ளடக்கியது. ஒரு பந்தும் சமதரையும் தவிர வேறொன்றும் வேண்டியதில்லை. நார்வேயில் 13 முதல் 17 வயது வரையிலான 1,892 சிறுமியரிடம் நடந்த ஆய்வில், இதைச் செய்த அணிகளில் காயங்கள் மூன்றில் ஒரு பங்கும் கடுங்காயங்கள் ஏறத்தாழப் பாதியும் குறைந்தன. முன் சிலுவைத் தசைநார்க் காயம் ஒரே விளையாட்டில் ஆண்களைவிடப் பெண்களுக்கே பன்மடங்கு நேர்வதால், கபடியிலும் கால்பந்திலும் சிறுமியர் அதிகமாக இறங்கிவரும் இந்த ஆண்டுகளில் பள்ளி உடற்கல்வி ஆசிரியர்கள் இதை உடனே கையிலெடுக்க வேண்டும். குதித்து இறங்கும் மாணவியின் முழங்கால் கட்டைவிரலைத் தாண்டி உட்பக்கம் சரிகிறதா என்று எதிரே நின்று பார்ப்பதே முதல் பாடம். சரிந்தால், இடுப்பைத் தாழ்த்தி, முழங்காலை மடக்கி, ஓசையில்லாமல் இறங்கப் பழக்க வேண்டும்.

முழங்கால் முறுகிச் சில மணி நேரத்துக்குள் வீங்கினால் உருவிவிட வேண்டாம். பனிக்கட்டி ஒற்றடம் வைத்துக் காலை உயர்த்திப் படுக்க வைத்து, ஓரிரு நாளில் எலும்பு–மூட்டு மருத்துவர் ஒருவரிடம் காட்டுங்கள். வீக்கம் வடிந்துவிட்டது என்பதற்காக அந்தப் பயணத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.