பால் காட்டும் விகுதியும் பால் கடந்த குரலும்

விஜய் தெண்டுல்கர் மராத்தியில் எழுதி 1981இல் மேடையேறிய ‘மித்ராச்சி கோஷ்ட’ பெண்ணைக் காதலிக்கும் பெண்ணொருத்தியை நடுப்பாத்திரமாகக் கொண்டது. சுமித்ரா என்னும் அவளை மித்ரா எனச் சுருக்கி அழைக்கின்றனர். மராத்தியில் ‘மித்ர’ என்பது நண்பன் எனப் பொருள்படும் ஆண்பாற்சொல்லாகும். ஆறாம் வேற்றுமை உருபு ஏற்கையில் அப்பொதுச்சொல்லும் இவளது பெயரும் ஒரே வடிவம் கொள்கின்றன. எனவே தலைப்பு ‘மித்ராவின் கதை’ என்றும் ‘நண்பனின் கதை’ என்றும் ஒருங்கே பொருள்படுகிறது. நாடகம் முழுவதும் விரித்துரைக்கும் சிக்கலை ஓர் உருபேற்ற பெயர் முன்னரே சொல்லிவிடுகிறது.

கௌரி ராம்நாராயண் ஆங்கிலத்தில் ‘எ ஃப்ரெண்ட்ஸ் ஸ்டோரி’ எனத் தலைப்பிட்டார். ஆங்கிலச் சொல் இருபாற்கும் பொது. ஆகவே பெயரும் போயிற்று, பெயருக்குள் இருந்த ஆண்பாலும் போயிற்று. அவரைக் குறைகூறுவதற்கில்லை; அம்மொழி அவ்வளவே தரும். தமிழில் ‘நண்பரின் கதை’ என்பது மரியாதையாக நழுவுகிறது. ‘மித்ராவின் கதை’ என வைப்பதே தக்கது என்பது என் கருத்து. ‘சுதேசமித்திரன்’ என்னும் இதழின் பெயரை அறிந்த தமிழ்ச் செவிக்கு அப்பெயரின் பின்னே ‘மித்திரன்’ ஒலிக்காமல் போகாது.

தலைப்பைக் கடந்து உள்ளே சென்றால் சிக்கல் வேறு வடிவம் கொள்கிறது. ‘நான் போகிறேன்’ என்பதை மராத்தியில் ஆண் ‘மீ ஜாதோ’ என்பான். பெண் ‘மீ ஜாதே’ என்பாள். தன்மை வினையே பால் காட்டும். மித்ரா கல்லூரி நாடகமொன்றில் ஆண்வேடம் ஏற்கிறாள். அவ்வேடத்தில் பேசும்போது ஆண்பால் விகுதி வந்தே தீரும். வேடம் கலைந்ததும் பெண்பால் விகுதிக்குத் திரும்ப வேண்டும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தொலைவே அவளது துயரம். தமிழிலோ இருநிலையிலும் ‘போகிறேன்’ என்பதே வரும். மூலம் விகுதியால் செய்ததைத் தமிழ் மேடை குரலாலும் நடையாலும் ஈடுசெய்ய வேண்டியுள்ளது.

கவிதையில் நிலைமை தலைகீழானது. கல்கி சுப்ரமணியத்தின் ‘குறி அறுத்தேன்’ என்னும் தலைப்பைக் காண்க. பாலை மாற்றும் செயலைச் சொல்லும் வினைமுற்றே பால் காட்டா வினைமுற்றாக நிற்கிறது. செய்தவர் அவனா, அவளா என்னும் வினாவிற்கு இடமே இல்லை, செய்தவர் ‘நான்’. இதனை இந்தியாக்குவோருக்கு இறந்தகாலச் செயப்படுபொருள் குன்றாவினை கைகொடுக்கும். அங்கு வினை எழுவாயோடு இயையாது, செயப்படுபொருளோடு இயையும். நிகழ்காலத்திற்கு வந்தவுடன் பாலைச் சொல்லியாக வேண்டும்.

இம்மறைப்பு எப்போதும் நன்மையே பயக்கும் எனல் ஆகாது. ‘நான்’, ‘நீ’ என இருவரை மட்டும் நிறுத்திப் பாடும் காதற்கவிதையைத் தமிழ் வாசகர் தலைவன் தலைவி என்றே வகுத்துக் கொள்வர். அகமரபு தந்த பழக்கம் அது. இரு பெண்களுக்கு இடையிலான காதல் அங்கே ஒளிந்திருக்கலாம், காணாமலும் போய்விடலாம். முன்னிலையிலும் ‘டா’, ‘டி’ என ஓரசை சேர்ந்தால் திரை விலகிவிடும். அவ்வோரசையைச் சேர்ப்பதா என்பது மொழிபெயர்ப்பாளரே பொறுப்பேற்க வேண்டிய முடிவு.

படர்க்கையில் ஒளிய இடமில்லை. தொல்காப்பியர் ஆண்மை திரிந்தோரைக் குறிக்கும் பெயருக்குத் தனக்கென ஈறு இல்லை என்றும், ஆண்பால் அறிசொல் அதற்குப் பொருந்தாது என்றும் விதித்தார். நன்னூலார் ஒருபடி மேற்சென்று, ஆண்மையை விட்டுப் பெண்மையை அவாவுவோரைப் பெண்பாலிலும், பெண்மையை விட்டு ஆண்மையை அவாவுவோரை ஆண்பாலிலும் வைத்தார். விகுதியை முடிவு செய்வது உடல் அன்று, அவா என்னும் கருத்து இதனுள் அடங்கியுள்ளது. இன்றைய மொழிபெயர்ப்பாளர் இதைவிடத் தெளிவான இலக்கணச் சான்றைத் தேடவேண்டியதில்லை. ஆயினும் அதே நூற்பா இருவரும் அஃறிணை போலவும் ஆவர் என்று முடிகிறது. தெருவில் ‘அது’ எனச் சுட்டும் இழிவிற்கும் அங்கேயே இடம் கிடைத்துவிடுகிறது. சான்று காட்டுவோர் முற்பகுதியை மட்டும் காட்டிப் பிற்பகுதியை விழுங்கிவிடுதல் நேர்மையன்று.

2022இல் தமிழ்நாட்டு அரசு இத்துறைச் சொற்பட்டியல் ஒன்றை அரசிதழில் வெளியிட்டது. திருநர் போன்ற பலர்பால் ஈற்றுப் பெயர்கள் இன்று நிலைபெற்றுவிட்டன. பெயர்ச்சொற்களுக்குப் பட்டியல் உண்டு, வினைமுற்றுகளுக்கு இல்லை.

அதன் விளைவை ‘வெள்ளை மொழி’யில் காணலாம். அ. ரேவதியின் இத்தன்வரலாறு, அ. மங்கையின் இயக்கத்தில் அவரே தனித்து நிகழ்த்தும் மேடைப் படைப்பாகவும் உருப்பெற்றது. தாம் மகனாக வளர்க்கப்பட்ட காலத்தையும் பெண்ணாக வாழும் காலத்தையும் அவர் ஒரே உடலால் நிகழ்த்துகிறார். அவரது ‘நான்’ மாறுவதில்லை. அவரைச் சுட்டும் பிறர் சொல்லே மாறும். ‘அவன் வந்தான்’ என்பது ‘அவள் வந்தாள்’ ஆகத் தமிழில் பெயரும் மாற வேண்டும், வினையும் மாற வேண்டும். மலையாளத்தில் பெயர் மட்டும் மாறினால் போதும். வினை இருபாற்கும் ஒன்றே. வங்கத்தில் இரண்டும் மாறா. இதனை வங்கத்தில் நிகழ்த்த முற்படுவோர், ஊராரின் வன்மத்தை அண்ணன், தம்பி போன்ற முறைப்பெயர்களிலும் விளிகளிலும்தான் தேடிக்கொள்ள வேண்டும்.