திருவயிந்திரபுரம் கல்வெட்டு: போர்க்கதையாக ஒரு மதிப்பீடு

கடலூரை அடுத்த திருவயிந்திரபுரம் தேவநாயகப் பெருமாள் கோவிலில் உள்ள தமிழ்க் கல்வெட்டு. மூன்றாம் ராஜராஜ சோழன் சிறைப்பட்டதையும் ஹொய்சளப் படை அவனை மீட்டதையும் (பொ.யு. 1231) உரைநடையில் கூறுகிறது. ஹுல்ஷ் இதனை 'எபிகிராபியா இண்டிகா' ஏழாம் தொகுதியில் பதிப்பித்தார். வரலாற்றுச் சான்றாகப் பெரிதும் பயன்படும் இக்கல்வெட்டு, தேர்ந்த போர்க்கதையும் ஆகும்.

கதை

காடவர் தலைவன் கோப்பெருஞ்சிங்கன் சோழனைச் சேந்தமங்கலத்தில் சிறைவைக்கிறான். அவன் படையால் நாடும் கோவில்களும் அழிகின்றன. செய்தி கேட்ட ஹொய்சள மன்னன் வீர நரசிம்மன், சோழ நாட்டை நிலைநிறுத்தியவன் என்ற தன் புகழைக் காக்காமல் எக்காளம் ஊதுவதில்லை எனச் சூளுரைக்கிறான். அவன் ஆணைப்படி தண்டநாயகர்கள் அப்பண்ணனும் சமுத்திர கொப்பய்யனும் புறப்படுகிறார்கள். ஊர்களை அழிக்கிறார்கள், ஈழத்துப் பராக்கிரமபாகு உள்ளிட்டோரைக் கொல்கிறார்கள், சிதம்பரத்தில் பொன்னம்பலத்து இறைவனை வணங்குகிறார்கள். பின்னர் திருப்பாதிரிப்புலியூரில் தங்கி, திருவதிகை, திருவக்கரை முதலிய ஊர்களை அழிக்கிறார்கள். ஊர்களைச் சுட்டு, பெண்களைப் பிடித்து, கொள்ளையடித்துச் சேந்தமங்கலத்தை நெருங்கும்போது கோப்பெருஞ்சிங்கன் பணிந்து சோழனை விடுவிக்கிறான்.

மதிப்பீடு

கலிங்கத்துப்பரணியில் களத்துப் பிணங்கள் பேய்களுக்குக் கூழாகின்றன. அங்கே கொடுமையைக் கற்பனை மூடிவிடுகிறது. இக்கல்வெட்டில் அத்தகைய திரை இல்லை. கொலை, வழிபாடு, தீவைப்பு ஆகிய மூன்றும் ஒரே குரலில், ஒரே வரிசையில் சொல்லப்படுகின்றன. அந்த நிதானமே வாசகரை உலுக்குகிறது.

பகைவன் செய்த அழிவு போருக்குக் காரணமாகிறது. அதே அழிவை மீட்கவந்த படை செய்யும்போது அது வீரமாகிறது. இந்த முரணைக் கல்வெட்டு உணரவில்லை. எதிர்த்தரப்பைப் பாடும் வயலூர்க் கல்வெட்டும் தெள்ளாற்று வெற்றியையும் சோழனின் சிறையையும்தான் கொண்டாடுகிறது. இரண்டிலும் மன்னர்களும் தளபதிகளும் பெயர் பெறுகிறார்கள். பிடிக்கப்பட்ட பெண்களுக்குப் பெயரில்லை. அவர்கள் திரும்பினார்களா என்ற கேள்விக்கும் இடமில்லை.

சோழன் மீண்டதோடு கல்வெட்டின் கதை முடிகிறது, வரலாறு முடியவில்லை. சோழர் பழைய வலிமையைப் பெறவில்லை. 1243 முதல் காடவர் கோப்பெருஞ்சிங்கன் என்ற பெயரில் தம் ஆட்சியாண்டைக் கணக்கிட்டனர். சிதம்பரம் கோபுரத் திருப்பணியிலும் அப்பெயர் நிலைத்தது. எரிந்த ஊர்கள் எதற்காக எரிந்தன என்ற கேள்வியே இக்கல்வெட்டில் இன்று எஞ்சுவது.