அடுப்படிப் புதையலும் அயலூர்ப் பாலமும்

தகப்பன் வைத்துவிட்டுப் போன சொத்தைத் தின்று தீர்த்த ஒருவன் பாக்தாதில் இருந்தான். கையில் ஒன்றுமில்லை என்றான பிறகுதான் அவனுக்குக் கடவுள் நினைவு வந்தது. அழுது தொழுதவனின் கனவில் ஒரு குரல் கேட்டது. உன் செல்வம் எகிப்தில் இருக்கிறது, அங்கே போ என்றது. போனான். போய்ச் சேர்ந்தபோது வழிச்செலவுக்கு வைத்திருந்ததும் தீர்ந்திருந்தது. பகலில் கையேந்த வெட்கப்பட்டு, இருட்டிய பின் பிச்சைக்குக் கிளம்பினான். ஊரில் திருட்டு மலிந்திருந்த நேரம் அது. ராக்காவலன் பிடித்து அடித்து நொறுக்கினான். அடி பொறுக்காமல் அவன் தன் கனவைச் சொன்னான். காவலன் கை ஓய்ந்தது. நீ திருடன் இல்லை, வெறும் முட்டாள் என்றான். எனக்கும்தான் எத்தனையோ முறை கனவு வந்தது, பாக்தாதில் இன்ன தெருவில் இன்ன வீட்டில் புதையல் இருக்கிறது என்று. நான் இருந்த இடத்தைவிட்டு அசைந்தேனா என்று கேட்டான். அவன் சொன்ன தெரு இவனுடைய தெரு. அந்த வீடு இவனுடைய வீடு.

ஜலாலுத்தீன் ரூமி 13ஆம் நூற்றாண்டில் கொன்யா நகரிலிருந்து பாடிய மஸ்னவியின் ஆறாவது, கடைசிப் புத்தகத்தில் இந்தக் கதை வருகிறது. அவருக்கு ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் முன்பே, நீதிபதியாக இருந்த அல்-தனூகி, துன்பத்துக்குப் பின் விடிவு கண்டவர்களைப் பற்றி அரபியில் தொகுத்த நூலிலும் இது இருக்கிறது. ஆயிரத்தொரு இரவுகளில் 351ஆம் இரவை ஒட்டி வருகிறது. அர்ஜென்டினா எழுத்தாளர் போர்ஹெஸ் 1935இல் அதை ஸ்பானிய மொழியில் திருப்பிச் சொன்னார். கிரிம் சகோதரர்களின் ஜெர்மானியத் தொன்மக் கதைத் தொகுப்பில் ரேகன்ஸ்பர்க் பாலத்தின் மேல் நடக்கிறது. உலகக் கதைகளுக்கு எண் கொடுத்து வகைப்படுத்தும் ஆர்னே–தாம்சன்–உத்தர் அட்டவணையில் இதன் எண் 1645. பாவ்லோ கொய்லோவின் ‘ரசவாதி’, 1988இல் போர்த்துகீசிய மொழியில் வந்து உலகம் முழுக்கப் பரவி, தமிழில் நம் கல்லூரிப் பிள்ளைகளின் பையிலும் ஏறிக்கொண்டது. அந்த நாவலின் எலும்புக்கூடும் இதுவே.

தன் விதியைத் தேடிப் புறப்படு, துணிவு கொள், காதல் உனக்குத் துணை வரும், விடாதே: இந்த நான்கையும் சேர்த்துச் சொல்லும் புத்தகங்கள் இப்போது பேருந்து நிலையக் கடைகளில்கூடக் கிடைக்கின்றன. படித்துவிட்டு உண்மையாகவே கண்கலங்கியவர்களோடு பேசியிருக்கிறேன். அந்தக் கலக்கத்தை நான் மதிக்கிறேன். ஊழுக்கு ஓர் அதிகாரமும் ஆள்வினையுடைமைக்கு ஓர் அதிகாரமும் ஒரே நூலில் வைத்திருக்கும் திருக்குறளைப் படித்து வளர்ந்தவர்கள் நாம். விதியா முயற்சியா என்ற கேள்வி நமக்குப் புதிதல்ல. ஆனால் ஆயிரம் ஆண்டுகளாக மதம் மாறி, மொழி மாறி, நாடு மாறி நடந்துவந்த இந்தக் கதை அந்த நான்கைப் பற்றியும் சொல்வது, நாவலைப் படித்து நாம் எடுத்துக்கொண்டதல்ல. நாவலைவிட அது கடுமையானது. மனிதர்கள் மேல் அதிக நம்பிக்கை வைப்பது.

முதலில் துணிவு. பாக்தாதிலிருந்து எகிப்துக்குப் போனதுதான் துணிவு என்று தோன்றும். பழைய கதைசொல்லிகள் யாரும் அந்தப் பயணத்தைப் பெரிதுபடுத்தவில்லை. போனான், சேர்ந்தான் என்று ஓரிரு வரியில் முடித்துவிடுகிறார்கள். அவர்கள் நின்று சொல்வது அடிபடும் இடத்தை. ஆயிரத்தொரு இரவுகளில் அவன் ஒரு மசூதியில் படுத்திருக்கிறான். பக்கத்து வீட்டில் திருடர் புகுந்த கூச்சலில் இவனும் பிடிபட்டு, சாகும் அளவுக்கு அடிபட்டு, மூன்று நாள் சிறையில் கிடக்கிறான். பிறகுதான் விசாரணை. ஏன் வந்தாய் என்று கேட்கிறார்கள். அப்போது அவன் எதையாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். வியாபாரம், உறவினர், யாத்திரை என்று ஊரார் ஒப்புக்கொள்ளும் காரணங்கள் எத்தனையோ உண்டு. அவன் சொன்னதோ கேட்பவர் சிரிக்கும் காரணம்: கனவு கண்டேன், வந்தேன். அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் காவலன் தன் கனவைச் சொல்லியிருக்கப்போவதில்லை. புதையலின் கதவு அந்த வாக்குமூலத்தில்தான் திறக்கிறது. தன்னிடமே சொல்லிக்கொள்ளக் கூச்சப்படும் ஆசையை, தன்னை அடிக்கும் அந்நியனிடம் மறைக்காமல் சொல்வதற்கு ஒரு நெஞ்சுரம் வேண்டும். பாலைவனத்தைக் கடப்பதைவிட அது பெரிது என்று இந்தக் கதை நினைக்கிறது. நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் ஸ்வாஃபம் என்ற சிற்றூரில் இதே கதையை வேறு மாதிரி சொல்கிறார்கள். தலைச்சுமை வியாபாரி ஒருவனுக்கு லண்டன் பாலத்துக்குப் போனால் நல்ல சேதி கிடைக்கும் என்று கனவு வருகிறது. போய் நிற்கிறான். ஒரு நாள், இரண்டு நாள், மூன்றாம் நாளும் நிற்கிறான். எதையும் விற்கவில்லை, பிச்சையும் எடுக்கவில்லை. கடைக்காரன் ஒருவன் பொறுக்க முடியாமல் வந்து விசாரிக்கிறான். பதிலைக் கேட்டுச் சிரிக்கிறான். ஸ்வாஃபம் என்று தான் கேள்விப்பட்டே இராத ஊரில், ஒரு வியாபாரி வீட்டுப் பின்னால், ஓக் மரத்தடியில் புதையல் இருப்பதாகத் தானும் கனவு கண்டதைச் சொல்கிறான். இங்கே அடியும் சிறையும் இல்லை. பாலத்தில் சும்மா நிற்பதுதான் சோதனை. விடாமுயற்சி என்றதும் மலையேறுவதும் உழைப்பதும் நமக்கு நினைவுக்கு வரும். போவோர் வருவோர் பார்க்க, செய்ய எதுவுமில்லாமல், போகவும் மனமில்லாமல் மூன்று நாள் நிற்பதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. வேலைக்கான பதிலுக்கோ, எழுதி அனுப்பிய கதைக்கான பதிலுக்கோ காத்திருந்தவர்களுக்கு அந்தப் பாலம் தெரியும்.

இந்த வியாபாரி ஊர் திரும்பித் தோண்டியதும் ஒரு பானை கிடைக்கிறது. அதன்மேல் லத்தீனில் ஏதோ எழுதியிருக்கிறது. அவனுக்குப் படிக்கத் தெரியாது. பிறகொரு நாள் படிக்கத் தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்கிறார்கள்: இதற்கு அடியில் இதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. மறுபடி தோண்டுகிறான். இங்கேயும் பார்க்க வேண்டும், அவன் வீட்டுப் பானையில் இருந்ததை அடுத்தவர்தான் படித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தன் விதி தனக்கு மட்டுமே தெரியும், தன் உள்ளக்குரலை மட்டும் கேள் என்று இன்றைய புத்தகங்கள் சொல்கின்றன. இந்தக் கதையில் உள்ளக்குரல் பாதிதான் சொல்கிறது. அதுவும் தவறான ஊரைச் சொல்கிறது. முகவரி இன்னொருவனிடம் இருக்கிறது. அவனுக்கோ அதன் பயன் தெரியாது. இருவரும் சந்திக்காதவரை இரண்டு கனவும் வீண்.

இதை மிகக் கூர்மையாகக் கண்டவர் ஹைன்ரிஹ் ஸிம்மர். ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் கற்பித்த ஜெர்மானியர். மனைவியின் யூத வம்சாவளி காரணமாக நாஜி ஆட்சியில் 1938இல் பணியை இழந்தார். இங்கிலாந்து வழியாக அமெரிக்கா போனார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் உரைகள் நிகழ்த்தினார். 1943இல் நியூயார்க் மாநிலத்தில் நிமோனியாவில் இறந்தார். அவர் குறிப்புகளிலிருந்து ஜோசப் கேம்பல் பதிப்பித்து 1946இல் வந்த நூல், இந்தியக் கலையின் தொன்மங்களையும் குறியீடுகளையும் பேசுகிறது. விஷ்ணுவின் மாயை, சிவனின் நடனம் எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் அவர் கையிலெடுப்பது ஒரு யூதக் கதையை. கிராகோ நகரத்து ஏழை ரபி ஐசிக், யெகேலின் மகன். பிராகில் அரண்மனைக்குப் போகும் பாலத்தடியில் புதையல் என்று கனவு. போய்ப் பாலத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறார். காவலர் தலைவன் அன்பாகவே விசாரிக்கிறான். கிராகோவில் ஐசிக் என்ற யூதனின் அடுப்புக்குப் பின்னால் புதையல் இருப்பதாகத் தனக்கு வந்த கனவைச் சொல்லிச் சிரிக்கிறான். யூதச் சிந்தனையாளர் மார்ட்டின் பூபர் பதிவு செய்த, ஹசிதியம் என்ற யூத பக்தி இயக்கத்தின் கதை இது.

ஸிம்மர் இதிலிருந்து எடுப்பது இரண்டு. புதையல் எப்போதும் அருகில், வீட்டின் உள்ளறையில் இருக்கிறது. ஆனால் தொலைதேசம் போய் வந்தால் தவிர அது நமக்குத் தெரிவதில்லை. அடுத்தது, நம் உள்ளே இருப்பதை நமக்குச் சொல்பவன் வேறு மதத்தவனாக, வேறு இனத்தவனாக இருக்க வேண்டியிருக்கிறது. யூத வேர்கள் கொண்ட பெண்ணை மணந்ததற்காக நாடு இழந்தவர், ஒரு கிறிஸ்தவக் காவலன் யூத ரபிக்கு வழி சொன்ன கதையை, இந்தியக் கலையைப் பற்றிய நூலின் முடிவில் வைத்திருக்கிறார். அந்தப் பக்கங்களை நான் எப்போதும் கலங்காமல் படித்ததில்லை. ஸிம்மர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. ஆனால் அவருடைய இறுதிக்கால நூல்களில் ஒன்று திருவண்ணாமலை ரமணரைப் பற்றியது. உளவியலாளர் கார்ல் யுங்கின் முன்னுரையோடு 1944இல், அவர் இறந்த பிறகு வெளிவந்தது. மதுரையிலிருந்து 1896இல் பதினாறு வயதில் ரயிலேறிப் போன ஒரு பையன் பிறகு எல்லோரையும் தங்களிடமே கேட்கச் சொன்ன ‘நான் யார்’ என்ற ஒரே கேள்வி, ஐரோப்பாவில் ஒருவருக்கு அவருடைய சொந்த அடுப்படியைக் காட்டியிருக்கிறது.

கிராகோவின் கசிமியெஷ் பகுதியில் ஐசக் தொழுகைக்கூடம் இன்றும் இருக்கிறது. 1644இல் கட்டி முடிக்கப்பட்டது. கட்டியவர் ஐசக் யாகுபோவிச் என்ற செல்வந்தர். மக்கள் அந்தப் பணம் எப்படி வந்தது என்று கேட்டு, கனவுக் கதையை அவர் மேல் ஏற்றியிருக்கிறார்கள். ஸ்வாஃபமிலும் அதே கதைதான்: 15ஆம் நூற்றாண்டில் தேவாலயத்தின் வடக்குப் பக்கத்தைக் கட்டப் பணம் கொடுத்த ஜான் சாப்மன்தான் அந்த வியாபாரி என்கிறார்கள். வியாபாரியும் நாயும் அங்கே மரத்தில் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். வரலாறு இதை உறுதிசெய்யாது. ஆனால் கதை சொன்ன மக்கள் எதைக் கேட்டுப் பெற்றார்கள் என்பது தெரிகிறது. தன் விதியைக் கண்டடைந்தவன் அதை ஊருக்குக் கூரையாக்கித் தர வேண்டும். அன்பு என்று அந்தக் கதைகளில் ஒன்று உண்டென்றால் அங்கே இருக்கிறது.

கொய்லோ அந்த அன்பைக் காதலாக்கினார். அவருடைய ஆட்டிடையன் சாந்தியாகோ, அந்தலூசியாவில் இடிந்த தேவாலயமொன்றில் படுத்துக் கனவு கண்டு, தான்ஜியரில் பணத்தைப் பறிகொடுத்து, கண்ணாடிச் சாமான் கடையில் வேலை பார்த்து, அல்-ஃபாயூம் பாலைவனச்சோலையில் பாத்திமாவைக் காண்கிறான். அந்தக் கடைக்காரரைத்தான் நாவலின் மிகச் சிறந்த பாத்திரமாகக் கருதுகிறேன். மெக்காவுக்குப் போக வாழ்நாள் முழுதும் ஆசைப்பட்டவர்; போய்விட்டால் வாழ்வதற்குக் காரணம் இராதே என்று போகாமல் இருப்பவர். போகாதவனின் மனத்துக்குள் பழைய கதைகள் எட்டிப் பார்த்ததில்லை. கொய்லோ பார்த்திருக்கிறார். ஆனால் பிரபஞ்சமே கைகொடுக்கும் என்ற அவருடைய உறுதிமொழியை என்னால் ஏற்க முடியவில்லை. பழைய கதையில் பிரபஞ்சம் பிரம்பால் அடித்தது. திரும்பி நடந்தவனுக்குத் தன் வழிதவறலே வழியானதே என்ற வியப்புத்தான் ரூமியில் இருக்கிறது. ஆறுதலாக எந்த வாக்குறுதியும் இல்லை.

பாத்திமாவோ இன்னும் பெரிய குறை. அவள் காத்திருக்கிறாள். பாலைவனத்துப் பெண்ணின் பெருமை அது என்று அவள் வாயாலேயே சொல்ல வைக்கிறார். அவளுக்குக் கனவு இல்லை, பாலம் இல்லை. இந்தக் கதைமரபில் நான் படித்த எல்லா வடிவங்களிலும் கனவு காண்பவன் ஆண்தான் என்பதால், கொய்லோவை மட்டும் குறைசொல்ல முடியாது. ஆனால் பக்கத்திலேயே வேறொரு நூல் இருக்கிறது.

நிஷாபூரின் அத்தார் 12ஆம் நூற்றாண்டில் எழுதிய பறவைகளின் மாநாடு. பறவைகள் தங்கள் அரசன் சீமுர்க்கைத் தேடி ஏழு பள்ளத்தாக்குகளைக் கடக்கின்றன; தேடலுக்கு அடுத்ததாகக் காதலின் பள்ளத்தாக்கு. புறப்படும் முன் ஆளுக்கொரு சாக்கு. குயில்போல் பாடும் புல்புல்லுக்கு ரோஜாவை விட முடியாது. ஆந்தைக்கு இடிபாடுகளை விட முடியாது, புதையல் அங்கேதான் இருக்கும் என்று. முப்பதே பறவைகள் போய்ச் சேர்ந்து, தேடி வந்ததைத் தங்களிலேயே காண்கின்றன. இதுவும் வீட்டுப் புதையல்தான். ஆனால் அத்தார் நடுவில் நீளமாக ஒரு கதை சொல்கிறார். மெக்காவில் நூற்றுக்கணக்கான சீடர்களோடு இருந்த கிழவர் ஷேக் சனான், ரூம் எனப்பட்ட பைசாந்திய நாட்டில் சிலையை வணங்குவதாகக் கனவு கண்டு, அதன் பொருள் என்னவென்று அறியப் புறப்படுகிறார். அங்கே ஒரு கிறிஸ்தவப் பெண்ணின் மேல் காதல் கொள்கிறார். அவளுக்காக மது குடிக்கிறார், மார்க்கத்தை விடுகிறார், பன்றி மேய்க்கிறார். சீடர்கள் வெட்கப்பட்டு ஊர் திரும்ப, அங்கிருந்த நண்பர் ஒருவர் கடிந்துகொள்கிறார்: அவர் விழுந்தபோது உடன் இருப்பதல்லவா நட்பு? திரும்பப் போகிறார்கள், அழுது தொழுகிறார்கள், ஷேக் மீள்கிறார்.

அத்தார் அங்கே கதையை முடிக்கவில்லை. ஷேக் போன பிறகு அந்தப் பெண்ணுக்கும் ஒரு கனவு வருகிறது. எழுந்து அவர் போன பாதையில் போ என்று சொல்கிறது. அதுவரை கல்லாக இருந்தவள் தலைவிரிகோலமாக, காலில் செருப்பின்றி வெளியேறுகிறாள். வழி கேட்க யாரும் இல்லை. அவள் வருவதை உள்ளுணர்வால் அறிந்த ஷேக் பாதியில் திரும்பி நடந்து அவளைக் காண்கிறார். தான் கண்டதை அவரிடம் சொல்லி, கேட்க வந்ததைக் கேட்டுப் பெற்ற பிறகே அவள் இறக்கிறாள். கனவு, புறப்பாடு, வாக்குமூலம் மூன்றையும் ஒரு பெண்ணுக்குக் கொடுத்திருக்கிறார் அத்தார். எட்டு நூற்றாண்டுகள் கழித்து வந்த பாத்திமா கூடாரத்து வாசலில் நிற்கிறாள். அவளைப் பாலத்துக்கு அனுப்பும் கதையை இனி வருபவர்களில் ஒருவர் எழுதட்டும். அது தமிழில் வந்தால் எனக்கு மகிழ்ச்சி.