‘கன்சோல்’: யார் எழுவாய்?

‘கன்சோல்’ என்ற ஆங்கில வினைக்குத் தமிழில் என்ன என்றால் ‘ஆறுதல் சொல்’ என்கிறோம். அகராதிக்கு இது போதும், இலக்கணத்துக்குப் போதாது. ஆங்கில வினையில் எழுவாய் தேற்ற வந்தவர். துக்கப்படுகிறவர் வெறும் செயப்படுபொருள். ‘ஆறுதல் சொல்’லில், சொல்வதோடு வந்தவரின் வேலை முடிந்துவிடுகிறது. ஆற வேண்டியது மற்றவர். ஆறு, தன்வினை. ‘ஆற்று’ என்ற பிறவினை இருக்கத்தான் செய்கிறது. ஆனால் பேச்சில் நாம் ஆத்துவது பாலை, காப்பியை. ஆளை ஆத்துவதில்லை, மனசைக்கூட அவரவர்தான் ‘ஆத்திக்கணும்’.

திருச்சிப் பக்கம் சாவு வீட்டுக்குப் போவது ‘துக்கம் கேக்க’. வினவுவதும் செவிகொடுப்பதும் இங்கே ஒரே வினை. அதே வீட்டில் இப்போது ‘போய் அவளக் கன்சோல் பண்ணுங்க’ என்கிறார்கள். ஒரு ஆங்கிலச் சொல் மட்டும் உள்ளே வரவில்லை. துக்கத்தை முடித்துவைக்கும் அதிகாரமும் வந்தவர் கைக்குப் போகிறது.

‘தேற்று’ மட்டும் என்னவாம் என்று கேட்கலாம். அதுவும் ஆளைச் செயப்படுபொருளாக்கும் பிறவினைதான். ஆனால் அதன் அடி தேறு, அதாவது தெளிதல். காவிரியில் புதுவெள்ளம் கலங்கி வரும்போது பானையின் உட்புறம் தேற்றாங்கொட்டையைத் தேய்ப்பது பழைய வழக்கம். தேய்த்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். வண்டல் தானாக அடியில் படியும்; அவசரப்பட்டுக் கிளறினால் மறுபடி கலங்கல்தான்.

அந்த ஆற்றைத் தாண்டி ஸ்ரீரங்கத்துக்குப் போனால், 13ஆம் நூற்றாண்டில் நம்பிள்ளை அங்கே சொன்ன திருவாய்மொழி உரையான ஈட்டில் ‘ஆற்றாமை’ மையச் சொற்களில் ஒன்று. பிரிவில் தரிக்கமாட்டாத அந்நிலை குணப்படுத்த வேண்டிய கோளாறாக அங்கே வாசிக்கப்படுவதில்லை. பாசுரம் பிறக்கிற இடமே அதுதான்.

இதை வைத்துத் தமிழ் மனம் கனிவானது என்று கொடி பிடிக்க வேண்டாம். சங்க அகப்பாடல்களின் கூற்றுக் குறிப்புகளில் ‘வற்புறுத்தல்’ என்றால் தோழி தலைவிக்குத் தைரியம் சொல்வது. (‘கம்ஃபர்ட்’டின் லத்தீன் மூலத்துக்கும் வலுவூட்டல் என்றுதான் பொருள்.) இன்று அதே சொல் கட்டாயப்படுத்துவதாகிவிட்டது. இந்தச் சரிவுக்கு ஆங்கிலத்தைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அதே குறிப்புகளில் ‘வன்புறை எதிரழிதல்’ என்றும் வருகிறது: தோழி எவ்வளவு சொல்லியும் தேறாமல் தலைவி உடைந்து பேசுவது. தேறாதவளின் பேச்சு அங்கே பாட்டாகிறது. நம் வீடுகளிலோ கேட்கிற வேலையும் அவள் தலையிலேயே விழுகிறது: ‘எவ்வளவு கன்சோல் பண்ணியும் கேக்க மாட்டேங்கிறா.’