'ஸ்டோரி' என்னும் சொல்லும் நம் 'கதை'யும்

ஆங்கிலம் கற்ற நம்மவருள் சிலரிடம் ஒரு குறைகூறல் உண்டு. ஆங்கிலத்தில் ஸ்டோரி, டேல், ஃபேபிள், லெஜண்ட், மித், ஃபிக்ஷன், நாவல் என்று அடுக்கடுக்காகச் சொற்கள் இருக்கின்றனவாம். தமிழனோ 'கதை' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு காலங்கழிக்கிறானாம். ஆங்கிலப் பள்ளியில் பயின்ற நாமும் ஒரு காலத்தில் இவ்வாறே எண்ணியிருந்தோம். அவ்வெண்ணம் பிழையென்று நமக்குக் காட்டியவர் ஒரு பண்டிதரல்லர். தோட்டத்துத் தொழிலாளி ஒருவர்.

சில ஆண்டுகளுக்கு முன் நடந்த சம்பவம் இது. சம்பளத்தன்று அம்முதியவர் ஆபீசு வாயிலில் வந்து நின்றார். தாம் வேலை செய்த மூன்று நாட்கள் செக்ரோலில் ஏறவில்லை என்பது அவர் முறையீடு. மழை பெய்த நாள், மண்டோர் மாற்றிவிட்ட நிரை, உடன் நின்றவர் யாவர் என்று எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னார். நாம் ஆங்கிலத்தில் எடுத்துரைத்தோம். மேலாளர் தலை நிமிராமலே, "ஸ்டோரி வேண்டாம் என்று சொல்" என்றார். நாமும் சிறிதும் சிந்தியாது, "கதை சொல்லாதீர் என்கிறார்" என்று மொழிபெயர்த்தோம். முதியவர் முகம் வாடிற்று. "கதையில்லீங்க கிராணி ஐயா, நடந்ததைத்தான் சொன்னேன்" என்று கூறிச் சென்றார். அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. நாம் பெயர்த்த சொல் சரிதானா என்ற ஐயம் அன்று பிறந்ததே இக்கட்டுரைக்கு வித்து.

'ஸ்டோரி'யின் பிறப்பை முதலில் நோக்குவோம். கிரேக்க மொழியில் 'ஹிஸ்டோரியா' என்றால் கேட்டு ஆராய்ந்து அறிதல் என்று பொருள். அச்சொல் லத்தீன் வழியாகவும் பிரெஞ்சு வழியாகவும் ஆங்கிலத்துக்கு வந்து, 'ஹிஸ்டரி' என்றும் 'ஸ்டோரி' என்றும் இரண்டாகப் பிரிந்தது. ஒரே தாயின் மக்களுள் ஒன்று மெய் வரலாறாயிற்று, மற்றொன்று கதையாயிற்று. பிற்காலத்தில் குழந்தை சொல்லும் பொய்யும் ஸ்டோரி. பத்திரிகைக்காரன் எழுதும் மெய்ச் செய்தியும் ஸ்டோரி. ஒரே சொல் பொய்யையும் மெய்யையும் சுமந்து நிற்கும் விந்தை இது.

மற்றச் சொற்களின் பிறப்பும் அறியத்தக்கதே. 'டேல்' என்பது சொல்லுதலைக் குறிக்கும் 'டெல்' என்பதற்கு உறவு. அவ்வினைக்கு எண்ணுதல் என்றும் பழம்பொருள் உண்டு. பாங்கியில் பணம் எண்ணித் தருபவரை 'டெல்லர்' என்பது அதனாலேயே. 'ஃபேபிள்' பேசுதலிலிருந்து பிறந்தது. 'லெஜண்ட்' என்பதற்கு வாசிக்கத்தக்கது என்பது பொருள்; கிறிஸ்தவக் கோயில்களில் அடியார் சரிதைகளை வாசித்த வழக்கத்தால் வந்தது. 'ஃபிக்ஷன்' மண்ணைப் பிசைந்து உருவாக்குதல் போன்ற வனைதலைக் குறிக்கும் லத்தீன் வேரினது. 'நாவல்' என்பது புதியது என்னும் பொருளுடையது. ஆகவே இச்சொற்கள் ஒன்றற்கொன்று மாற்றாக இட்டு நிரப்பத்தக்கன அல்ல. ஒவ்வொன்றும் கதையின் ஒவ்வொரு தொழிலைக் காட்டுகிறது.

இனித் தமிழுக்கு வருவோம். 'கதை' சொல்லுதல் என்னும் பொருளுள்ள வடமொழி வேரினது. யாழ்ப்பாணத்தார் இன்றும் பேசுதலைக் 'கதைத்தல்' என்பர். அவர்களுக்குப் 'புதினம்' என்றால் செய்தி. நமக்கோ அது நாவல். சிலப்பதிகாரத்திலும் மணிமேகலையிலும் பகுதிகள் 'காதை' எனப் பெயர் பெற்றன. தொல்காப்பியர் செய்யுளியலில் உரைநடையை நான்காக வகுத்து, மெய்ப்பொருளின் மரபு இல்லாத பொய்ம்மொழியை அவற்றுள் ஒன்றாக வைத்தார். யானையும் குருவியும் நட்புக்கொண்டதாகச் சொல்லும் கதை போன்றவை அவ்வகையின என்று பேராசிரியர் விளக்குகிறார். பொய்யென்று தெரிந்தே சொல்லும் கதைக்கு இலக்கணத்தில் இடந்தந்த மொழி வறிய மொழியாகுமா? வரலாறு, சரிதை, புராணம், பழங்கதை, கட்டுக்கதை, உவமைக்கதை, புனைகதை என வேறுபடுத்திச் சொல்லவும் நம்மிடம் சொற்கள் உள. குறை மொழியிடத்தில்லை; சொல்லைத் தேர்ந்தெடுக்கச் சோம்பும் நம்மிடத்தில்தான் உள்ளது.

இவ்விடத்தில் நம் நாவலாசிரியரைக் குறித்து ஒன்று கூறவேண்டும். 1879இல் வெளிவந்த வேதநாயகம் பிள்ளையின் நூலுக்குப் பெயர் 'பிரதாப முதலியார் சரித்திரம்'. பின்னர் வந்த ராஜமையரின் நூல் 'கமலாம்பாள் சரித்திரம்'. மாதவையாவின் நூல் 'பத்மாவதி சரித்திரம்'. மூன்றும் கற்பனையே, மூன்றுக்கும் பெயர் சரித்திரம். இதைப் பிழையென்று நகைப்பவர் உளர். நாம் உடன்படோம். ஆங்கிலத்தில் 1749இல் ஃபீல்டிங் எழுதிய 'டாம் ஜோன்ஸ்' நாவலின் முழுப்பெயரிலும் 'ஹிஸ்டரி' என்ற சொல்லே முன்னிற்கிறது. அரசரின் சரித்திரமே சரித்திரம் என்றிருந்த உலகில், பெற்றோர் அறியாத ஒரு பிள்ளைக்கும் கமலாம்பாள் என்னும் கிராமத்துப் பெண்ணுக்கும் சரித்திரம் உண்டு என்று அந்நூற்பெயர்கள் பறைசாற்றுகின்றன. இது பிழையன்று, பெருமையே.

நம் நாட்டிலும் இதற்குச் சான்றுண்டு. 1930இல் வெளிவந்த சின்னையா பிள்ளையின் 'நவரச கதா மஞ்சரி' என்னும் தொகுப்பு, தன்னிலுள்ளவை 'இனிய கற்பிதக் கதைகள்' என்று தலைப்பிலேயே சொல்லிக்கொண்டது. 'கற்பிதம்' என்ற ஒரு சொல்லால், 'ஃபிக்ஷன்' என்பதற்கு ஏற்ற தமிழை அன்றே தந்துவிட்டது. கதையென்று வாளா விடாமல் இன்ன வகைக் கதையென்று வாசகர்க்கு முன்கூட்டி உரைத்த அந்த நேர்மையை இன்றைய எழுத்தாளரும் பின்பற்றுவாராக.

நம் அயலாராகிய மலாய்க்காரர் கதையைச் 'செரித்தா' என்பர். அது வடமொழிச் 'சரித'மே. அவர்கள் வரலாற்றைச் 'செஜாரா' என்பது மரம் என்னும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. மரத்தின் கிளைபோல் வமிசம் விரிதலைக் குறித்தது. ஒரே சொல் தமிழில் சரித்திரமாயிற்று, மலாயில் கதையாயிற்று. மெய்யும் கதையும் எத்துணை நெருங்கிய அயலார் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

மீண்டும் அம்முதியவரிடம் வருவோம். மறுநாள் நாம் வெளிக்காட்டுக் குறிப்பேட்டைப் புரட்டினோம். அவர் சொன்ன மூன்று நாட்களும் அதில் இருந்தன. செக்ரோலில் ஏற்றாது விட்டது நம் பேனாவே. மேலாளரிடம் உண்மையைக் கூறி, விடுபட்ட சம்பளத்தைக் கொடுக்கச் செய்தோம். முதியவர் நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. அதுவே நமக்குப் பெருந்தண்டனையாயிற்று.

'ஸ்டோரி' என்ற சொல்லின் வேரை அன்று நாம் அறிந்திருந்தால், மேலாளர் வேண்டாமென்றதைக் கேட்டு ஆராய்வதே நம் கடனென்று உணர்ந்திருப்போம். அன்பர்களே, கதையைக் கதையாகச் சுவையுங்கள்; புராணத்தைப் புராணமாக அறியுங்கள். ஆனால் எளியவர் ஒருவர் தம் துன்பத்தைச் சொல்லும்போது அதற்குக் 'கதை' என்று பெயரிடுமுன், ஒருமுறை ஏட்டைப் புரட்டிப் பாருங்கள்.