ஐயமும் ஆராய்ச்சி மாநாடும்

நாம் அறிந்தவற்றைப் பாராட்டுதற்கு விழாக்கள் போதும். அறிந்தனவென நம்பியவற்றை ஐயுற்று ஆராய்தற்கே மாநாடு வேண்டும். எனினும், ஐயுறுவோரைத் தமிழுலகு எளிதில் ஏற்பதில்லை.

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியை 1926 முதல் 1936 வரை பதிப்பித்த எஸ். வையாபுரிப்பிள்ளை (1891–1956), சொல்லாட்சி முதலிய அகச்சான்றுகளைக் கொண்டு தொல்காப்பியம், திருக்குறள் ஆகியவற்றின் காலத்தைப் பின்தள்ளினார். அம்முடிபுகள் அனைத்தும் ஏற்கத்தக்கனவல்ல. எஞ்சிய பழம் நூல்களில் ஒரு சொல் காணப்படாமை, அது அக்காலத்து வழங்கவில்லை என்பதற்கு முடிந்த ஆதாரமாகாது. ஆயின், அவரைச் சாடியோர் பலர் இக்குறையை ஆராய்ந்தாரல்லர். தமிழ்ப் பகைவர் என்றே தூற்றினர்.

சங்கச் செய்யுட்களின் வரலாற்றுத்தன்மையை ஐயுற்றோரும் உளர். அவர்கட்கு விடை வேறு வழியிலே கிடைத்தது. 1968இல் சென்னையில் நடைபெற்ற இரண்டாவது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டிலே, சங்ககாலத் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுக்கள் பற்றி ஐராவதம் மகாதேவன் கட்டுரை சமர்ப்பித்தார். அவர் ஆராய்ந்த புகழூர்க் கல்வெட்டு, சமணத் துறவியொருவர்க்குக் கற்படுக்கை அமைத்த செய்தியினூடே சேர மரபின் மூன்று தலைமுறையினரைக் குறிப்பிடுகின்றது. பதிற்றுப்பத்துக் காட்டும் சேரர் பெயர்களோடு அவை இயைகின்றன. மேடைப் புகழுரைகள் பல செய்யாததை அச்சிறு கல்வெட்டுச் செய்தது.

ஆசிரியராகிய நாம் இதனை நம் வகுப்பறைக்கும் பொருத்திப் பார்த்தல் வேண்டும். “ஐயா, இதற்கு ஆதாரம் யாது?” என வினவும் மாணவனை அடக்கி அமர்த்திவிட்டு, மாநாடுகளிலே ஆராய்ச்சி தாழ்ந்துவிட்டதென வருந்துவதிற் பயனில்லை.