துருவுக்கு அடியில் கோடாலி

கடலோரக் கோட்டுச்சேரிமேட்டின் காற்றில் உப்பு உண்டு. கொல்லையில் கிடக்கும் கோடாலி ஒரே மழைக்காலத்தில் செங்காவி பூசிக்கொள்ளும். பலர் அதைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். அவசரம்தான்.

துரு பெரும்பாலும் மேல்தோல். புளிக்கரைசலில் ஓரிரவு ஊறவைத்துக் கம்பித் தூரிகையால் தேய்த்தால் கருத்த இரும்பு தெரியும். கொல்லரின் சுத்தியல் தடமும், காம்பு நுழையும் துளையைச் சுற்றி இரும்பை மடித்து ஒட்டிய கோடும் தெரியும். பளபளப்பு ஆசையில் அவற்றையும் சுரண்டுவது ரசனைக் குறைவு. மின்சாரச் சாணையில் அழுத்துவது அதைவிட மோசம்: விளிம்பு நீலம் பாரித்தால் பதம் போயிற்று. அரமும் தண்ணீர் தெளித்த சாணைக்கல்லும், கடைசியில் ஒரு கை எண்ணெயும் போதும். காம்பு ஆடுகிறதென்று தண்ணீரில் ஊறப்போடுவது ஒருநாள் வைத்தியம். மரம் காய்ந்ததும் மறுபடி ஆடும்.

தேய்க்கவே கூடாத கோடாலியும் இந்தப் பக்கம் கிடைத்திருக்கிறது. 2006-இல் மயிலாடுதுறை அருகே செம்பியன்கண்டியூரில் பள்ளி ஆசிரியர் ஒருவர் தோட்டத்தில் குழி வெட்டியபோது, வழவழப்பாகத் தீட்டிய புதிய கற்காலக் கைக்கோடாலிகள் இரண்டு வெளிவந்தன. ஒன்றில் நான்கு குறிகள். அவர் தரங்கம்பாடி அருங்காட்சியகக் காப்பாட்சியரிடம் சொல்ல, கல் தொல்லியல் துறைக்குப் போனது. அந்தக் குறிகள் சிந்துவெளி எழுத்துகள் என்றார் கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன். எல்லோரும் ஏற்கவில்லை.

இப்படிப்பட்ட கற்கோடாலிகளின் சேகரிப்பில் முன்னோடி ராபர்ட் புரூஸ் ஃபுட். 1863-இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த அந்த நிலவியலாளர் பிறகு ஓயவில்லை. பல பத்தாண்டுகளாக அவர் திரட்டியதைச் சென்னை அருங்காட்சியகம் 1904-இல் விலைக்கு வாங்கிக்கொண்டது.